மேட்டுக்கொல்லையில் காற்றாடியை இறக்கியவள்

வேலூர் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஆரணியிலிருந்து வேணியின் தம்பி பாபு. “யக்கா, வேணி அக்கா போயிட்டாங்கக்கா” என்றான். “எங்க போயிட்டா?” என்று கேட்டேன். அவள் எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பவள். போன் செய்தால் போளூர் பஸ்ஸில் இருக்கிறேன் என்பாள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு ரைஸ் மில்லில் மோட்டாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பாள். பாபு அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். கண்ணமங்கலம் தாண்டும்போதுதான் கீரைக்கட்டு இன்னும் கையில் இருப்பதைக் கவனித்தேன்.

தன் மோட்டார் கடையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாளாம். தண்ணீர் கேட்டாளாம். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

கமலவேணி என்ற முழுப்பெயர் நம்மில் பலருக்கு அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். ஆரணிக்காரர்களுக்கு அவள் மோட்டார் கடை வேணி. கலசப்பாக்கத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் மேட்டுக்கொல்லைக்காரர்களுக்குக் காத்தாடிக்காரம்மா. இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. ஒரே தட்டில் சாப்பிட்டவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆரணியில் ஓர் அரிசி குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் தொண்டு நிறுவனம் இருந்தது. புகையில்லா அடுப்பு, சாண எரிவாயு என்று கிராமங்களில் வேலை செய்துகொண்டிருந்தோம். மின்கம்பி போகாத ஊர்களுக்குச் சிறிய காற்றாலை வைத்து விளக்குப் போட நிதி கிடைத்தது. அதற்கு ஆள் தேடியபோது எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்த ஒரே ஒரு பெண் வந்தாள். பட்டு நெய்கிற வீட்டுப் பெண். எங்கள் ஒருங்கிணைப்பாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கம்பத்துல ஏறுவியாம்மா?” என்று கேட்டார். “ஏறுவேன் சார். ஏறின பிறகு கீழ நின்னுகினு, பொம்பளப் புள்ள எறங்கு எறங்குன்னு கத்தக் கூடாது” என்றாள். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அன்று மத்தியானம் என் டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சை சோற்றை இருவரும் பகிர்ந்துகொண்டோம்.

பிற்பாடு ஒரு பத்திரிகைக்காரர் அவளைப் பேட்டி எடுத்து, பட்டு நூல் சுற்றிய விரல்கள் இன்று செம்புக் கம்பி சுற்றுகின்றன என்று எழுதினார். வேணிக்கு வந்த கோபம் இருக்கிறதே! “எங்கப்பா என்ன நூல்கிட்டயே விடமாட்டாரு ரேணு. உன் கை சொரசொரன்னு கீது, இழை அறுந்துடும்னு வெரட்டுவாரு. இந்தாளு எந்த விரலப் பாத்தாராம்?” என்றாள். தன்னைப் பற்றி யாராவது அழகாகச் சொன்னால் அவளுக்குத் தாங்காது. இதை எழுதும்போதும் எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

மேட்டுக்கொல்லையில் அப்போது ஐம்பது வீடுகூட இருக்காது. இரண்டு குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக ஆனி, ஆடி மாதங்களில் காற்று பேய் மாதிரி வரும். அந்த இடுக்கைப் பார்த்துத்தான் வேணி அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள். மூன்று இறக்கை வைத்த காற்றாடி, தென்னையைவிட உயரமான இரும்புக் குழாய்க் கம்பம், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள், கீழே ஒரு சிறிய அறையில் வரிசையாக லாரி பேட்டரிகள். காற்றாடி சுற்றினால் பேட்டரி சார்ஜ் ஆகும். பேட்டரியிலிருந்து வீட்டுக்கு ஒரு சின்ன ட்யூப் லைட். கம்பத்தின் அடியில் கீல் வைத்திருந்தாள். கயிறு கட்டி இழுத்தால் கம்பம் எழுந்து நிற்கும். தளர்த்தினால் படுத்துக்கொள்ளும்.

கம்பத்தைத் தூக்கிய அன்று ஊரே கயிறு பிடித்தது. அதில் முன்னால் நின்றவள் முனியம்மா. மகளிர் குழுவின் தலைவி. ஊரில் யாருக்கும் பயப்படாதவள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே வேணியிடம் கேட்டாள்.

“யம்மா, இது சுத்தலன்னா இன்னா பண்ணுவ?”

“நான் வந்து சுத்த வைப்பேன்.”

“எப்ப வருவ?”

“எப்பக் கூப்ட்டாலும் வருவேன்.”

எல்லாருக்கும் முன்னால், உற்சாகத்தில் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை வருடம் அடைந்து கிடக்கப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விளக்கு எரிந்த முதல் சாயங்காலத்தில் யாரும் ஆனந்தக் கண்ணீர் விடவில்லை. முனியம்மாவின் வீட்டுக்காரர் தானே கட்டிய சுவரை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, செவுரு இவ்ளோ கோணலா கீது!” என்று திகைத்து நின்றார். முனியம்மா முறத்தை எடுத்துவந்து ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வேணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஆடி போனால் காற்று குறையும். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் வரும். மாசியும் பங்குனியும் வந்துவிட்டால் இலை அசையாது. அந்த மாதங்களில் விளக்கு மங்கி, அணைந்து, ஊர் வேணியைத் திட்ட ஆரம்பிக்கும். யாராவது ஒருவர் கலசப்பாக்கம் வரை நடந்துபோய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் செய்வார். “காத்தாடிக்காரம்மா கீறாங்களா?” என்ற குரல் கேட்டாலே நான் ரிசீவரை வேணியிடம் நீட்டிவிடுவேன்.

ஒரு பங்குனியில் நானும் அவளோடு போனேன். கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டை அந்த பேட்டரிகளிலேயே மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு பேட்டரி உப்பிப்போய்விட்டது. வேணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இது லைட்டுக்கு மட்டும்னு எத்தினி தபா சொன்னேன்? சாமிக்குப் பாட்டு போட இதுதான் கெடச்சிதா?”

“வருசத்துக்கு ஒரு நாளுதானம்மா” என்றார் ஒரு பெரியவர்.

“அந்த ஒரு நாள்ல செத்துப்போச்சே! காத்தும் இல்ல. நான் எங்கேர்ந்து கொண்டாந்து ஊத்தறது?”

“நீதான சொன்ன, எப்பக் கூப்ட்டாலும் வந்து சுத்த வைப்பேன்னு” என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவள் ஏதாவது செய்வாள் என்று நம்பித்தான் சொன்னார். வேணி டூல்ஸ் பையைத் திறந்தாள். சாயங்காலம் வரை உட்கார்ந்து, பிழைத்த பேட்டரிகளைப் பிரித்து இணைத்து, வீட்டுக்கு ஒரு மணி நேரமாவது விளக்கு வரும்படி செய்துவிட்டுத்தான் எழுந்தாள். திரும்பும் வழியெல்லாம் ஊரையும் திட்டினாள், காற்றையும் திட்டினாள்.

திட்டத்தின் நிதி தீர்ந்தது. ஒருங்கிணைப்பாளர் வேறு நிறுவனத்துக்குச் சென்னை போனார். எனக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, வேலூர் வந்துவிட்டேன். மாடி ஆபீஸ் பூட்டப்பட்டது. காற்றாடி மட்டும் மேட்டுக்கொல்லையில் நின்றது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவள் வேணி ஒருத்திதான். பிழைப்புக்கு ரைஸ் மில் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை போட்டாள். கிராமத்துப் பையன்கள் இரண்டு பேருக்கு வேலை பழக்கினாள். இருவரும் நன்றாகக் கற்றுக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை. “நானா இருந்தாலும் போயிருப்பேன்” என்றாள்.

அவளுக்கும் அப்படி ஒரு வழி திறந்தது. தெற்கே பெரிய காற்றாலைகள் நிற்கும் ஊரில் ஒரு கம்பெனி வேலை. குவார்ட்டர்ஸ் உண்டு, பி.எஃப். உண்டு. வேலூருக்கு வந்து என்னிடம் சொன்னாள். முகம் அப்படிப் பிரகாசமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. “மலை மாதிரி நிக்குதாம் ரேணு. ஒரு இறக்கைய ஏத்தினு போவ ஒரு லாரி வேணுமாம்.” அடுத்த நாள் மேட்டுக்கொல்லைக்குச் சொல்லிக்கொள்ளப் போனாள். யாராவது சண்டை போட்டிருந்தால் அவளும் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாள். முனியம்மா களி கிண்டி, கருவாட்டுக் குழம்போடு தட்டு வைத்தாளாம். “நல்லபடியா போயிட்டு வாம்மா. நீ இன்னா ஆயுசுக்கும் இங்கயேவா கெடப்ப?” என்றாளாம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, தனக்குத் தானே கேட்பதைப்போல, “இத்த அப்பறம் யாரு பாக்கறது?” என்றாளாம்.

வேணி போகவில்லை. அடுத்த ஆடி வரட்டும், யாருக்காவது பழக்கிவிட்டுப் போகிறேன் என்றாள். அந்த வேலை ஆடி வரை காத்திருக்கவில்லை. அதன்பிறகு வீட்டில் அவளுக்குப் பார்த்த ஒரு வரனும் அதே மாதிரிதான் போனது. கல்யாணம் ஆகிற பெண் தனியாக மலையடிவாரத்துக்குப் போய்வருவது நின்றாக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். “அப்பப்ப போவேன்” என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான், பேச்சு அதோடு முடிந்தது.

நடந்ததிலேயே மோசமானது இனிமேல்தான். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் அந்தப் பக்கத்துக் குக்கிராமங்களுக்கெல்லாம் மின்கம்பி வந்தது. புதுப் போஸ்ட்டுகள் மேட்டுக்கொல்லைக்குக் கீழே இருக்கும் சாலையோடு வரிசையாகப் போயின. சுற்றியிருந்த ஊர்களில் எல்லாம் கிணற்றில் மோட்டார் இறங்கியது. மாவு மில் வந்தது. மேட்டுக்கொல்லைக்கு மட்டும் எதுவும் வரவில்லை. முனியம்மா, வேணி, நான் மூன்று பேரும் மின்வாரிய அலுவலகம் போனோம். நான் எழுதிக்கொண்டுபோன மனுவைப் பொறியாளர் முழுதாகப் படித்தார். கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“உங்க ஊர்லதான் ஏற்கெனவே கரண்ட் இருக்குதேம்மா. இருட்டுல கிடக்கற ஊருக்குத்தான் இந்தத் திட்டம்” என்றார். பிறகு வேணியைப் பார்த்து, “அந்தக் காத்தாடி வெச்சது நீங்கதானா? நானே வந்து பார்த்திருக்கேன். அருமையான வேலை” என்றார்.

வேணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சார், அதுல மோட்டார் ஓடுமா? மாவு அரைக்குமா?” என்று கேட்டாள் முனியம்மா.

“அது வேற விஷயம்மா. வீட்ல லைட் எரியுதா இல்லையா?”

“எரியுது.”

“அப்ப ஊருக்கு மின்சாரம் இருக்குதுன்னுதான் அர்த்தம். நான் இல்லன்னு எழுத முடியுமா, சொல்லுங்க.”

எழுந்து வந்துவிட்டோம். பஸ்ஸில் முனியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். போஸ்ட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பிறகு வேணியின் பக்கம் திரும்பினாள். “நீ எங்களுக்கு நல்லதுதாம்மா செஞ்ச. அந்த நல்லதே எங்களுக்குக் கேடா வந்து நிக்குது பாரு” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வேணிக்குத் தாங்கியிருக்கும்.  ஆரணியில் இறங்கிய பிறகு என்னிடம் சொன்னாள்: “அவங்க என்னக் கட்டிப்போட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன் ரேணு. நான்தான் அவங்கள கட்டிப்போட்டிருக்கேன்.”

மனு மேல் மனு கொடுத்தோம். எங்கே போனாலும் அதே பதில். மேட்டுக்கொல்லைக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். டீசல் மோட்டார் வைத்திருந்தவர்கள் தவிர மற்றவர்கள் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டுக் கூலிக்குப் போனார்கள். கடைசியில் ஒரு லைன்மேன் முனியம்மாவிடம் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார், மறுபடி கணக்கெடுக்க வரப்போகிறார்கள், அப்போது காத்தாடி இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள் என்று.

கோயிலுக்கு எதிரில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் போயிருந்தேன். இளவட்டங்கள் ஸ்டே கம்பியை வெட்டிவிட்டால் அரை நிமிடத்தில் வேலை முடியும் என்றார்கள். ஒருவன் கோடாலியே கொண்டுவந்திருந்தான். பெரியவர்கள் வேணியின் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்வாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ.

“வெட்டினா ஊட்டு மேல வுழும். யாரும் கைய வெக்காதீங்க. நானே எறக்கறேன்” என்றாள் வேணி.

“நீயாம்மா?” என்றாள் முனியம்மா.

“நான்தான நட்டேன். வேற யாரு எறக்குவா?”

அது ஆடி மாதம். காற்று முழு வேகத்தில் இருந்தது. பேட்டரிகள் நிரம்பியிருந்தன; நிறுவிய நாளிலிருந்து அவ்வளவு நன்றாக அது ஓடியதே இல்லை. மேலே இறக்கைகள் தெரியவில்லை. ஒரு வெள்ளை வட்டம்தான் தெரிந்தது. சுற்றிக்கொண்டிருக்கும்போது கம்பத்தைச் சாய்க்க முடியாது. காற்றாடியிலிருந்து வரும் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்தால் அது தன்னைத் தானே பிடித்துக்கொண்டு வேகம் குறையும். ஆனால் பலமாக வீசும்போது செய்தால் உள்ளே கருகிவிடும். அதனால் காற்று மட்டுப்படட்டும் என்று வேணி ஒயர்களைக் கையில் பிடித்தபடி பேட்டரி அறை வாசலில் குந்தியிருந்தாள். ஒவ்வொரு தடவை அடங்குவதுபோல் வந்தும் மறுபடி ஓங்கியது. கயிறு பிடித்த கைகளெல்லாம் காத்திருந்தன. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஜல்தி அடங்கித் தொலையேன்” என்று காற்றிடம் முணுமுணுத்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. தூசு என்றாள்; தூசும் இருந்ததுதான்.

ஒரு கணம் காற்று விட்டது. ஒயர்களை முறுக்கினாள். மேலே வட்டம் உடைந்து இறக்கைகளாகி, தள்ளாடி, நின்றது. “வுடுங்க, மெதுவா வுடுங்க” என்று அவள் குரல் கொடுக்க, கம்பம் சாய்ந்து சாய்ந்து வந்து மண்ணில் படுத்தது. பிறகு வீடு வீடாகப் போய் ட்யூப் லைட்டுகளைக் கழற்றினாள். ஒரு கிழவி தன் வீட்டில் மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். வேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், பிறகு கழற்றினாள். தன் வீட்டு விளக்கை முனியம்மா தானே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் ஊரில் மறுபடி சிம்னி விளக்குகள் ஏற்றப்பட்டன. மண்ணெண்ணெய் வாசத்தை ஆயுசு பூராவும் மறக்க மாட்டேன் என்று வேணி பின்னாளில் சொல்வாள்.

கணக்கெடுக்கிறவர்கள் வந்தார்கள், இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் கம்பி வரவில்லை. டெண்டர் என்றார்கள், தேர்தல் என்றார்கள், வனத்துறை அனுமதி என்றார்கள். மறுபடி காற்றாடியை நட்டால் எழுதியதை அடித்துவிடுவார்கள் என்று ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஊர் இருட்டில் கிடந்தது. இருந்த வெளிச்சத்தையும் தன் கையாலேயே பிடுங்கிவிட்டோம் என்ற நினைப்பில் வேணிக்குச் சோறு இறங்கவில்லை. முனியம்மாவின் மருமகள் கைமேல் விளக்கு கவிழ்ந்து கை வெந்துபோனது. போளூர் ஆஸ்பத்திரியில் வேணி போய் நின்றபோது முனியம்மாவின் மகன், “இருந்ததும் உன்னால, போனதும் உன்னால. எங்க ஊரு உனக்கு இன்னா வெளையாட்டு சாமானா?” என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறான்.  வேணி அங்கிருந்து போகவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கட்டுப் பிரித்துக் கட்டும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அந்தக் காலத்தில் வேணி கடைக்குத் திங்கள்கிழமை லீவு என்பது ஆரணி ரைஸ் மில்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். திங்கள்கிழமைதான் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். ஷட்டரை இழுத்துவிட்டுத் திருவண்ணாமலை போய் வரிசையில் நிற்பாள். ஒரு மில் முதலாளி, “ஏம்மா, ஒனக்கு இதுல இன்னா வருது? உங்க ஊரும் இல்ல, ஒறவும் இல்ல” என்று கேட்டிருக்கிறார். “பேஜார் வருதுங்க. வேற ஒண்ணும் வரல” என்றாளாம்.

கம்பி ஒருவழியாக வந்தது. பந்தல் போட்டு, மாலை மரியாதையோடு யாரோ ஒரு பெரியவர் சுவிட்ச் போட்டார். மைக்கில் நிறையப் பேருக்கு நன்றி சொன்னார்கள். வேணியின் பெயர் வரவில்லை.  திரும்பிப் பார்த்தால் அவள் பக்கத்தில் இல்லை. தேடிக்கொண்டு போனேன். முனியம்மாவின் வீட்டுப் பின்புறம் மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டிருந்தாள். “கான்ட்ராக்ட்காரன் ஒரு ஊட்டுக்கும் எர்த் ஒழுங்கா போடல ரேணு. மழையில ஈரச் செவுத்துல கை வெச்சா அடிச்சிடும். பிரியாணி போட்டா எனக்கு ஒரு பொட்டலம் வாங்கி வை” என்றாள். அன்றைக்கும் மறுநாளும் வீடு வீடாக எர்த் போட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த வெளிச்சத்தை அண்ணாந்து பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில், “இனிமே கூப்ட மாட்டாங்க, இல்ல?” என்றாள். அதைச் சந்தோஷமாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூப்பிட்டார்கள். மாநிலம் முழுக்க மின்வெட்டு வந்த வருடங்களில் ஒரு நாள் முனியம்மா போன் செய்து, “யம்மா, கரண்டு இருக்கறதே இல்ல. அந்தக் காத்தாடிய எடுத்தாந்து திரும்ப நட்டா இன்னா?” என்று கேட்டிருக்கிறாள். வேணி கடை அதிரும்படி சிரித்தாள் என்று பாபு சொல்வான். சிரித்து முடித்துவிட்டு, “உங்களுக்கு வாயிலயே போடணும்” என்றாளாம். கடையின் மூலையில் கிடந்த காற்றாடி மறுபடி போகவில்லை. ஆனால் மோட்டார் எரிந்துபோனால், மீட்டர் பெட்டி புகைந்தால், பள்ளிக்கூடத்து மின்விசிறி சுற்றாவிட்டால் அவளுக்குத்தான் போன் வந்தது.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தபோதும் அப்படித்தான். தைப்பொங்கல் முடிந்து கடைக்குப் போயிருந்தேன். போனில் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். “நான் இன்னா உங்க ஊரு லைன்மேனா? எனக்கு வேற பொழப்பு இல்லியா? போன வை!” என்று வைத்துவிட்டு, டூல்ஸ் பையைத் தோளில் மாட்டினாள். கிணற்று மோட்டாராம். நாற்று காய்கிறதாம். வந்த விருந்தாளியை விட்டுவிட்டுக் கிளம்புகிறாளே என்று எனக்கும் கோபம் வந்தது. கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கே தெற்கே போயிருக்கலாம்னு உனக்கு வருத்தமே இல்லியா வேணி?”

“தெனமும்தான் வருத்தப்படறேன்” என்றாள். யோசிக்கவே இல்லை. “காலையில ஷட்டரத் தூக்கறப்ப ஒரு தபா, மத்தியானம் சோறு துண்றப்ப ஒரு தபா. அதுக்கு? நாத்து காயுதே.”

பத்தாம் நாள் காரியம் முடிந்து ஆரணியில் ஒரு சிறிய மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. மில் முதலாளிகள், பட்டுக்கடைக்காரர்கள், மேட்டுக்கொல்லையிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனங்கள். பேசிய ஒருவர், ஏழைகளின் இருளை நீக்குவதற்காகத் தன் வாழ்க்கையை மகிழ்ச்சியோடு அர்ப்பணித்தவர் என்றார். முன்வரிசையில் இருந்த முனியம்மாவால் பொறுக்க முடியவில்லை. “சந்தோசமாவா? எங்கள எப்பிடித் திட்டுவாங்கன்னு இவருக்கு இன்னா தெரியும்!” என்று உரக்கச் சொல்லிவிட்டாள். மண்டபமே சிரித்தது. சிரித்துக்கொண்டே முனியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் சொன்னதுதான் உண்மை. வேணி மகிழ்ச்சியாக இருக்கவில்லை. ஒரு வார்த்தை கொடுத்து, அதற்குள் மாட்டிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல் தவித்தாள். வழி தெரியாத அந்த வருடங்களில், முனகிக்கொண்டே, அடுத்த வேலையைச் சரியாகச் செய்தாள்.

என் மாமியார் மூன்று வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் நான் புண்ணியவதி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். முன்பெல்லாம் நானும் அதற்குத் தகுந்த முகத்தை வைத்துக்கொள்வேன். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாமியாரின் படுக்கை நனைந்திருந்தது. “அத்தே, இந்த வேலை எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கல” என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, “எனக்கு மட்டும் பிடிச்சா கெடக்கறேன்?” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, ஈரத்தை எடுத்து, புதுத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து நாலு மூலையிலும் செருகினேன். வேணியிடமிருந்து எனக்கு வந்தது இதுதான். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.